ஒரே காற்று, இரண்டு கணக்குகள்

கோடை விடுமுறையில் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்கோ வேல்ஸின் பெம்புரோக்ஷயருக்கோ போனால், கடலைப் பார்த்த புல்வெளிகளில் வெள்ளைக் கேரவன்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். நம் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வரும், எஞ்சின் இல்லாத சிறு வீடு. அதன் பக்கச் சுவரை ஒட்டித் துணியாலான முன்னறை ஒன்று நிற்கும். அதற்கு ஆனிங் என்று பெயர். கேரவனின் விளிம்பைச் சுற்றி ஓடும் அலுமினியக் காடிக்குள் ஆனிங்கின் தடித்த ஓரத்தை நுழைத்து இழுத்து, உள்ளே கம்பங்களை நிறுத்தி, வெளியே முளையடித்துக் கயிறு கட்டினால் சிறு வீட்டுக்கு ஒரு கூடம் கிடைத்துவிடும். நனைந்த நீச்சலுடை, மணல் ஒட்டிய துண்டு, மழையில் நடந்து வந்த காலுறை எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் கேரவன் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'வாண்டரர்', 1885இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவருக்காகப் பிரிஸ்டலில் செய்யப்பட்டது. அதை இழுத்தவை குதிரைகள். 1907இல் கேரவன்காரர்களுக்கென்று ஒரு சங்கமே தோன்றிவிட்டது. வண்டி எவ்வளவோ மாறிவிட்டது. ஈரத் துணியும் அட்லாண்டிக்கிலிருந்து வீசும் தென்மேற்குக் காற்றும் மாறவில்லை.

முகாம் பொருட்கள் விற்கும் கடைகளில் துணி உலர்த்தும் சாமான்கள் ஓர் அலமாரியிலும், ஆனிங்கைக் கட்டிவைக்கும் சாமான்கள் இன்னோர் அலமாரியிலும் இருக்கும். முதலாவதில் முக்காலியில் நிற்கும் சுழல் கொடி, கிளிப் வேண்டாத முறுக்கு எலாஸ்டிக் கயிறு, கேரவனின் காடியில் நுழையும் கொக்கிகள், காலுறை மாட்டும் வட்டச் சட்டம். இரண்டாவதில் எஃகு முளை, பிளாஸ்டிக் முளை, திருகு முளை, ரப்பர் ஏணிப்பட்டை, ஸ்பிரிங் வைத்த புயல் பட்டை. வாங்குபவரும் இவை இரண்டு தனித் தேவைகள் என்று நினைத்தே வாங்குகிறார். அப்படிப் பிரிப்பது தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். துணியை உலர்த்துவதும் காற்றுதான், ஆனிங்கைப் பிடுங்குவதும் அதே காற்றுதான். ஆனால் வேகம் கூடக் கூட, காற்று செய்யும் உதவி ஒரு கணக்கில் வளர்கிறது, அது தரும் சுமை வேறொரு கணக்கில் வளர்கிறது. எதை வாங்குவது, எதை எதில் கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த இரண்டு கணக்குகளின் இடைவெளியில் இருக்கிறது.

முதலில் உலர்த்தும் கணக்கு. அணுக்கொள்கைக்காக நாம் பள்ளியில் படித்த ஜான் டால்டன், இங்கிலாந்தின் கம்பர்லாந்தில் பிறந்தவர். இன்றும் முகாமிடுவோர் திரளும் ஏரி மாவட்டத்து மலைகளில் கருவிகளோடு ஏறி இறங்கியவர். 1787 முதல் 1844இல் இறக்கும் வரை வானிலைக் குறிப்பேடு எழுதியவர். ஆவியாதலின் அடிப்படை விதியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிட்டார். ஈரப் பரப்பை ஒட்டிய காற்றில் நீராவி எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது, அதைச் சூழ்ந்த காற்றில் எவ்வளவு இருக்கிறது என்ற வித்தியாசத்துக்கு ஏற்பவே நீர் வெளியேறும். ஈரத் துணியைத் தொட்டபடி ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கும். அது சீக்கிரமே நீராவியால் நிறைந்துவிடும். அந்தப் படலம் அங்கேயே தங்கினால் உலர்தல் மந்தமாகும், யாராவது அதைத் துடைத்து எறிந்துகொண்டே இருந்தால் உலர்தல் தொடரும். அந்த வேலையைச் செய்வது காற்று. வெயில் செய்வது வேறு வேலை. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும், அதைத் துணிக்கு ஊட்டி அதன் பரப்பில் நீராவி அழுத்தத்தை உயர்த்துவது வெயில். வெயில் இல்லாத நாளிலும் துணி காய்கிறதே என்றால், சுற்றியுள்ள காற்றே வெப்பத்தைக் கொடுக்கிறது. அதனால்தான் கொடியில் தொங்கும் ஈரத் துணியைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது.

காற்றின் வேகம் கூடினால் உலர்தல் எவ்வளவு கூடும்? இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹோவர்ட் பென்மன் 1948இல் வெளியிட்ட சமன்பாடு இதற்கு ஒரு நல்ல அளவுகோல். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகும் நீருக்காக அவர் எழுதியது அது. அதில் காற்றின் பங்கு, வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்துக்கொண்டால், 1 கூட்டல் வேகத்தின் 0.54 மடங்கு என்ற அளவில் வளர்கிறது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றுக்கு இந்த எண் 2.08. வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்துக்கு 6.4. காற்று ஐந்து மடங்கு வேகமாகியும் உலர்தல் மூன்று மடங்குதான் கூடுகிறது. குளத்து நீருக்கு எழுதிய சூத்திரம் கொடியில் தொங்கும் சட்டைக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். அப்படியே பொருந்தாது. ஆனால் தட்டைப் பரப்பின் மீது ஓடும் காற்றைப் பற்றிய பாடநூல் விதிகளை எடுத்தாலும், ஐந்து மடங்கு வேகத்துக்குக் கிடைப்பது இரண்டு மடங்குக்குச் சற்று மேலிருந்து மூன்றரை மடங்கு வரைதான். படபடக்கும் துணி தன் மேலுள்ள படலத்தைத் தானே உதறுவதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். எப்படிப் பார்த்தாலும் போக்கு இதுதான்.

இனி இரண்டாவது கணக்கு. காற்று ஒரு சுவரைத் தள்ளும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ஆனிங்கின் முன்சுவர் 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் என்று வைத்துக்கொள்வோம், 8 சதுர மீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் காற்றில் அதன் மேல் விழும் தள்ளுவிசை சுமார் 2 கிலோ எடைக்குச் சமம். கைக்குழந்தை சாய்வது போல என்று சொல்லலாம். வினாடிக்கு 10 மீட்டரில் அது 50 கிலோ. வினாடிக்கு 20 மீட்டரில், அதாவது போஃபோர்ட் அளவுகோலில் எட்டாம் எண் பெறும் கடுங்காற்றில், 200 கிலோ. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குப் போகையில் உலர்தல் மூன்று மடங்கானபோது சுமை இருபத்தைந்து மடங்காகிவிட்டது. காற்று பலமாக இருந்தால் துணி சீக்கிரம் காயும் என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைப்பவர், சிறு லாபத்துக்காகப் பெரிய ஆபத்தை ஏற்கிறார். முகாமில் துணி உலர்த்த நல்ல நேரம் மரக்கிளைகளின் இலைகள் ஓயாமல் அசையும், ஆனால் கிளைகள் வளையாத நேரம். அதற்கு மேல் கிடைப்பது சொற்பம்.

சில சட்டைகளும் துண்டுகளும் 50 கிலோ தாங்கும் கூடாரத்தை என்ன செய்துவிடும் என்பது அடுத்து வரும் மறுப்பு. ஆனிங்குக்குள் இரண்டு கம்பங்கள் தயாராக நிற்கின்றன, அவற்றுக்கு இடையே ஒரு கொடி கட்டிவிட்டால் தனிச் செலவு எதற்கு? இதற்குப் பதில் கயிற்றின் வடிவியலில் இருக்கிறது. 4 மீட்டர் கொடியின் நடுவில் 3 கிலோ ஈரத் துணியைத் தொங்கவிட்டு, கயிறு 10 செ.மீ. மட்டுமே தொய்யும்படி இழுத்துக் கட்டினால், கயிற்றின் இழுவிசை 30 கிலோ. தொங்கும் எடையைப்போல் பத்து மடங்கு. அவ்வளவும் கம்பத்தை உட்பக்கமாக, கிடைமட்டமாக வளைக்கும். அந்தக் கம்பமோ மேலிருந்து கீழாக வரும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்ட மெல்லிய குழாய். அதே கொடியை 40 செ.மீ. தொய்யவிட்டால் இழுவிசை ஏழரைக் கிலோவாகக் குறைந்துவிடும். விறைப்பாகக் கட்டிய கொடிதான் அழகு, அதுதான் ஒழுங்கு என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் விறைப்பான கொடியே கம்பத்தை ஒடிக்கிறது. இழுகயிறுகளில் துணி போடுவது இதைவிட மோசம். ஆனிங் தாங்க வேண்டிய காற்றுச் சுமையோடு, தனியே படபடக்கும் ஒரு பாய்மரத்தையும் அதே முளையில் சேர்த்துவிடுகிறோம்.

ஆகவே உலர்த்தும் சாமான்களைத் தேர்வு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, இதன் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பதுதான். முக்காலியில் நிற்கும் சுழல் கொடி தன் சுமையைத் தன் காலிலேயே இறக்குகிறது. காற்றில் அது சாய்ந்தால் துணி அழுக்காகும், கூடாரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் கால்களுக்கும் முளையடிக்க வேண்டும் என்பது பலர் மறக்கும் விஷயம். கேரவனின் காடியில் நுழையும் கொக்கி, வண்டியின் சுவரிலேயே சுமையை இறக்குகிறது. ஒரு துண்டு, இரண்டு நீச்சலுடைக்கு அது போதும். காலுறையும் உள்ளாடையும் மாட்டும் வட்டச் சட்டம் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைவு, அதனால் அதை ஆனிங் வாசலில் தொங்கவிடுவதில் தீங்கில்லை. முறுக்கு எலாஸ்டிக் கயிறு நல்ல கண்டுபிடிப்பு என்றே சொல்வேன். கிளிப் இல்லாமலே துணியைப் பிடிப்பதோடு, சுமை ஏறினால் தானே நீண்டு தொய்ந்துகொடுக்கிறது, இழுவிசை எல்லை மீறாது. அதைக் கட்ட மரம் தேட வேண்டாம். பல முகாம்களில் மரத்தில் கயிறு கட்ட அனுமதி கிடையாது, மரப்பட்டைக்கும் அது நல்லதல்ல. கேரவனின் கைப்பிடிக்கும் நிறுத்திய காரின் கூரைக் கம்பிக்கும் இடையே, யாரும் நடக்காத பக்கத்தில் கட்டலாம்.

மழை பெய்தால்? வெளியே கட்ட முடியாது, ஆனிங்குக்குக் கூரை இருக்கிறது, உள்ளே காயப்போட்டால் என்ன என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. மழை நாடான பிரிட்டனில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எண்களைப் பார்த்தால் நிலைமை புரியும். 4 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரமுள்ள ஆனிங்கில் 22 கன மீட்டர் காற்று இருக்கும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9.4 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ளும். மழை நாளில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றாலும், மீதி இடம் கன மீட்டருக்கு 1.9 கிராம். ஆனிங் முழுவதும் சேர்த்து 42 கிராம் கூட இல்லை. துணிகளில் ஒரு கிலோ நீர் இருந்தால், அதை வெளியேற்ற ஆனிங்கின் காற்று முழுவதையும் ஏறத்தாழ இருபத்து நான்கு முறை மாற்ற வேண்டும். ஜிப்புகளை எல்லாம் மூடிவிட்டு உள்ளே கொடி கட்டுபவர், துணியிலிருந்து நீரை எடுத்துக் கூரைத் துணியின் உட்புறத்தில் பூசுகிறார். இரவில் கூரை குளிரும்போது அது துளித்துளியாகப் படுக்கை மேல் சொட்டும்.

ஹீட்டர் வைத்தால் தீராதா என்றால், பாதி தீரும். அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் கன மீட்டருக்கு 9.8 கிராம் இடம் கிடைக்கிறது, அப்போது ஐந்து முறை காற்று மாறினால் போதும். ஆனால் அந்த ஐந்து முறையும் மாற வேண்டும், அதாவது சூடாக்கிய காற்றை வெளியே விட வேண்டும். சூட்டைக் காக்க மூடிவைத்தால் பழைய கதைதான். இங்கே ஓர் எச்சரிக்கையைத் தயங்காமல் சொல்ல வேண்டும்: எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ ஆனிங்குக்குள் வைத்துத் துணி உலர்த்தக் கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. பிரிட்டனின் முகாம்களில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. மேலும், எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது, எந்த ஈரத்தைப் போக்க வந்தோமோ அதையே கூட்டுகிறது. மழை நாளில் செய்யக்கூடியது, காற்று வராத பக்கத்து ஜன்னலையும் மேலே ஒரு திறப்பையும் திறந்துவைத்து, மின்சார இணைப்பு இருந்தால் ஒரு சிறு விசிறியைத் துணிகளின் மேல் திருப்பிவிடுவது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஆவியாக்க வேண்டிய நீரைக் குறைப்பது. கையால் பிழிந்த பருத்தித் துணி தன் எடைக்குச் சமமான அளவுக்கோ அதற்கு மேலோ நீரை வைத்துக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 1200 சுற்று சுழலும் எந்திரத்தில் போட்டால் அது ஏறத்தாழ பாதியாகும். கேரவன்காரர்கள் கொண்டுபோகும் சிறு சுழற்றி எந்திரங்கள் சில 2800 சுற்று வரை போகும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். அதே நீரைச் சுழற்றி எறிய அதில் மிகச் சிறிய பங்கே போதும். எந்திரம் இல்லாதவர்கள் நனைந்த துணியை உலர்ந்த துண்டில் விரித்துச் சுருட்டி, இருவர் இரு முனையைப் பிடித்து முறுக்கலாம். உலர்த்தும் அலமாரியில் எதை வாங்குவது என்று கேட்டால், கொடியைவிட இதற்கே முதலிடம் தருவேன். நீரை முன்னரே வெளியேற்றிவிட்டவர், நல்ல காற்றுக்காக நாள் முழுதும் காத்திருக்க வேண்டியதில்லை, கெட்ட காற்றில் துணியை விட்டுவைக்க வேண்டியதும் இல்லை.

ஆனிங்கைக் கட்டும் விஷயத்தில் பெரும்பாலோர் நம்புவது கனமான முளையை. முளைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கயிற்றின் கோணம். காற்று 50 கிலோ விசையோடு கிடைமட்டமாகத் தள்ளுகிறது, அதை ஒரே இழுகயிறு தாங்குகிறது என்று கொள்வோம். கயிறு தரையோடு 30 டிகிரி கோணத்தில் இருந்தால் அதன் இழுவிசை 58 கிலோ, முளையை மேல்நோக்கிப் பிடுங்கும் பங்கு 29 கிலோ. கோணம் 60 டிகிரியானால் இழுவிசை 100 கிலோ, பிடுங்கும் பங்கு 87 கிலோ. பக்கத்து இடம் நெருக்கமாக இருக்கிறதென்றோ கால் இடறுகிறதென்றோ முளையை ஆனிங்குக்கு அருகில் அடித்தால், அதே காற்று மூன்று மடங்கு பலத்தோடு அதைப் பிடுங்குகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய முளையும் இந்த இழப்பை ஈடுகட்டாது. இடறும் என்ற கவலைக்கு வெளிர் நிறக் கயிறு போதும். இடம் உண்மையிலேயே இல்லையென்றால், அந்த இடத்துக்குச் சிறிய ஆனிங்கே சரி.

முளையின் நீளமும் மண்ணின் குணமும் அடுத்தவை. மணலில் ஆழம் கூடக் கூட முளையைச் சுற்றி அழுத்தும் விசையும் கூடும். ஆகவே பக்கவாட்டு எதிர்ப்பு ஆழத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. 20 செ.மீ. முளைக்குப் பதில் 30 செ.மீ. முளை அடித்தால் பிடிப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கடற்கரை மணலுக்கு அகன்ற பிளாஸ்டிக் முளையோ திருகு முளையோ தேவை, மெல்லிய எஃகு முளை அங்கே கத்தி வெண்ணெயில் போவதுபோல் போய், அப்படியே வந்துவிடும். சரளை கொட்டி இறுக்கிய தளத்தில் நிலைமை நேர்மாறு, ஆணிபோன்ற எஃகு முளையைத் தவிர வேறெதுவும் இறங்காது. முளையின் தலையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்று நிறைய விவாதிக்கிறார்கள். சாய்வைவிட முக்கியமானது, கயிறு மாட்டும் கொக்கி தரையைத் தொடும் வரை முளையை முழுதாக இறக்குவது. பாதி இறங்கிய முளையை, வெளியே நீட்டிய பகுதியே நெம்புகோலாகி ஆட்டி எடுத்துவிடும்.

இவ்வளவு இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டு, ரப்பர் ஏணிப்பட்டையும் ஸ்பிரிங் பட்டையும் நடுவில் வைப்பது முரண் அல்லவா என்று தோன்றலாம். காற்று சீராகத் தள்ளுவதாக இருந்தால் முரண்தான். காற்று வீச்சு வீச்சாக வருகிறது. சட்டென்று விழும் சுமை, அதே அளவு சுமையை மெல்ல ஏற்றும்போது வருவதைப்போல் இரண்டு மடங்கு விசையை உண்டாக்கக்கூடும். தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து வெடுக்கென்று இழுபட்டால் அதற்கும் மேல். நீண்டுகொடுக்கும் உறுப்பு அந்த உச்சத்தை நேரத்தில் பரப்பிக் குறைக்கிறது, கயிற்றைத் தொய்யவிடாமலும் வைக்கிறது. கூரைக்கு மேலாகப் போட்டு இருபுறமும் முளையில் முடியும் புயல் பட்டையில் ஸ்பிரிங் இருப்பதற்குக் காரணம் இதுதான். கயிற்றின் நாரும் பொருட்டுதான். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும், இரவுப் பனியில் தொய்ந்துவிடும். பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே உறிஞ்சும். பழைய பருத்திக் கயிறு ஈரத்தில் சுருங்கி இறுகும். அந்தக் காலத்துக் கூடாரக்காரர்கள் மழை வருமுன் கயிறுகளைத் தளர்த்தியதற்கு இதுவே காரணம். பழைய அறிவுரையைப் புதிய கயிற்றில் பின்பற்றினால் விளைவு தலைகீழாகும்.

கடையில் யாரும் முதலில் கேட்காத ஒரு பொருள், கேரவனின் அடிப்பக்கத்தை மூடும் தடுப்புத் துணி. பாதத்தில் குளிர்க்காற்று படாமலிருக்க என்று விற்கப்படுகிறது. அது செய்யும் பெரிய வேலை வேறு. வண்டிக்கு அடியில் நுழையும் காற்று ஆனிங்கை உள்ளிருந்து ஊதிப் பெருக்கும், அதே நேரம் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை உறிஞ்சித் தூக்கும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. காற்று வரும் பக்கத்தை முழுவதும் மூடி, அடித்தடுப்பையும் கட்டிவிட்டால் உள்ளிருந்து வரும் பங்கு பெரிதும் குறையும்.

கடைசியாக ஒரு மறுப்பு. பல முகாம்களில் காசு போட்டால் துணி உலர்த்தும் எந்திரம் ஓடும், காற்று பலமானால் ஆனிங்கைக் கழற்றிவிடலாம், பிறகு இத்தனை கணக்கு எதற்கு? இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தொடும் நாளில் எந்தக் கொடியாலும் பயனில்லை, எந்திரமே சரி. 200 கிலோவாகத் தள்ளும் காற்றில் எந்தப் பட்டையையும் நம்பி உறங்கக் கூடாது. ஆனால் எந்த நாள் அப்படிப்பட்ட நாள் என்று தீர்மானிக்கத்தான் கணக்கு வேண்டும். முன்னறிவிப்பில் சராசரி வேகத்தைப் பார்க்காதீர்கள், வீச்சின் உச்ச வேகத்தைப் பாருங்கள், சுமையைத் தீர்மானிப்பது அதுதான். அது மணிக்கு 35 கி.மீ.யை நெருங்கினால் துணிகளை எடுத்துவிட்டு முளைகளையும் பட்டைகளையும் சரிபாருங்கள். 60ஐத் தாண்டும் என்றால், இருட்டுவதற்கு முன், காற்று இன்னும் மெதுவாக இருக்கும்போதே, ஆனிங்கைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.